அந்த விதவையைப் பற்றிப் பேச விடுங்கள்: வேதபாடக் குழு மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூப்பர்களுக்கும் குழுவை நடத்துகிறவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

இனிமேல் வேதபாடத்தில் கையேட்டில் உள்ள கேள்விகளை மட்டும் பேசுவது, புதுப்புது வியாக்கியானங்களுக்கு இடம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்பது உங்கள் கவலை. கவலை நியாயம்தான், முடிவுதான் சரியில்லை. பிரச்சினை கிளம்பிய அதே பகுதியை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

மாற்கு 12. ஏழை விதவை ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போடுகிறாள். அவளைப் போல நாமும் மனதாரக் கொடுக்கவேண்டும் என்பதுதான் ஞாயிறு பள்ளியிலிருந்து நாம் கேட்டு வளர்ந்த விளக்கம். அன்றைக்கு ஒரு சகோதரி, "இயேசு அவளைப் பாராட்டுகிறாரா, இல்லை அவளுக்காக வருத்தப்படுகிறாரா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் வசனத்தில் இல்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள். வசனத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒருவரும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் 40ஆம் வசனம் கண்ணில் பட்டிருக்கும். வேதபாரகர், அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவர்கள், "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்று இயேசு கடிந்துகொள்கிறார். சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அங்கே ஒரு விதவை வருகிறாள். அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்து, ஒரு கூலியாளின் அன்றாடக் கூலியில் 64இல் ஒரு பங்குதான். அவள் பிழைப்புக்கு இருந்ததே அவ்வளவுதான். அதிகாரம் மாறியதும், ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து ஒரு சீஷன் வியக்கிறான். கல்லின்மேல் கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு. அவளுடைய கடைசிக் காசு போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டடத்துக்கு!

நல்ல சமாரியன் கதை "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று முடிகிறது. இங்கே அப்படி ஒரு கட்டளை இல்லை. அது மட்டுமா? இதே மாற்கு 7ஆம் அதிகாரத்தில், கொர்பான், அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைக் கைவிடுவதை இயேசு கண்டிக்கிறார். அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க வேத அறிஞர் 1982இல் ஒரு கட்டுரையில் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்: இது பாராட்டா, புலம்பலா? அந்தச் சகோதரி அவரைப் படித்துவிட்டு வந்து கேட்டதாகத் தெரியவில்லை. முன்னும் பின்னும் வாசித்தாலே வருகிற கேள்விதான் இது.

இயேசு புலம்புகிறார் என்ற விளக்கத்தில் எனக்கே முழுச் சம்மதம் இல்லை. இயேசு சீஷரை அருகே அழைத்துச் சொல்கிறார். ஐசுவரியவான்களோடு அவளை ஒப்பிட்டு உயர்த்துகிறார். 14ஆம் அதிகாரத்தில் விலையேறப்பெற்ற தைலத்தை ஊற்றிய பெண்ணை வெளிப்படையாகவே பாராட்டுகிறார். ஆக, அள்ளிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. பாராட்டும் வருத்தமும் ஒரே வாயிலிருந்து வரலாமே. இதையெல்லாம் அன்றைக்கே பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

விசித்திரமான விளக்கம் எல்லாமே அருமை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வசனத்துக்கும் ஒரு ரகசிய அர்த்தம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எல்லாக் குழுவிலும் உண்டு. அவரிடம் மாட்டிக்கொண்ட பாடு எனக்கும் தெரியும். தானியேல் 8:14இல் வரும் 2300 நாளை வருடங்களாகக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகரைப் பின்பற்றியவர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருந்து ஏமாந்த கதையும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்த விளக்கங்கள் குழுவுக்குள் வரட்டும். இங்கே கேட்க விடாவிட்டால் கேள்வி அடங்கிவிடாது. ராத்திரி போனில் ஏதோ ஒரு காணொளியில் பதில் தேடும். அங்கே குறுக்கே பேச யாரும் இல்லை. இங்கே நீங்கள் இருக்கிறீர்கள்.

முன்னோர்கள் இதற்குப் பயப்படவில்லை. ஆதியாகமத்தின் முதல் வரிகளுக்கே உண்மையான பல அர்த்தங்கள் இருக்கலாம் என்று ஆதிசபைப் பிதாவான அகஸ்டின் தன் 'அறிக்கைகள்' (Confessions) நூலின் 12ஆம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். யூதர்களின் வேத உரைப் பதிப்புகளில் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரையோடு, பல இடங்களில் அவரோடு முரண்படும் பேரன் ரஷ்பாமின் உரையும் ஒரே பக்கத்தில் அச்சாகும். தாத்தாவின் பெயர் அதனால் கெட்டுப்போகவில்லை.

கட்டுப்பாடு வேண்டுமா, வையுங்கள். புது விளக்கம் சொல்கிறவர் எந்த வசனத்திலிருந்து சொல்கிறார் என்று காட்டட்டும். அந்தப் பகுதி முழுவதையும் சத்தமாக வாசிக்கட்டும். மறுப்பு சொல்ல மற்றவர்களுக்கு நேரம் கொடுங்கள், அப்புறம் உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். முடிவுக்கு வராமல் கலைந்தாலும் பரவாயில்லை. மூப்பர் ஒருவர் "இது எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் குழு சிதறிவிடாது.

அடுத்து நாம் எடுக்கப்போவது லூக்கா 20. அதன் கடைசி வசனமும் விதவைகளின் வீடுகளைப் பட்சிப்பதைப் பற்றியதுதான். அந்த இரண்டு காசு 21ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வருகிறது. நடுவில் நிற்கும் அதிகார எண்ணை லூக்கா போடவில்லை. அது 13ஆம் நூற்றாண்டில் வந்த பிரிவு. கையேடு 20:47இல் பாடத்தை முடிக்கிறது. தயவுசெய்து அன்றைக்கு மட்டுமாவது 21:6 வரை வாசிக்க அனுமதியுங்கள். அந்தச் சகோதரியையே வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் ஒருவன்