பதினொரு மணிக்கு வரும் போன்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மாவுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

இரண்டாம் வகுப்பில் படிக்கும், ஆட்டிசம் உள்ள என் மகனைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் (யுடிஐடி) நகலும் தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த குறிப்பும் உங்களிடம் இருக்கின்றன. நேற்று நீங்கள் கையெழுத்துக் கேட்ட தாளுக்குத்தான் இந்தப் பதில். 'பெற்றோரின் விருப்பத்தின்பேரில் மாணவர் தினமும் 11 மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்' என்று அதில் இருக்கிறது. அது என் விருப்பம் இல்லை, அம்மா. நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் சாயங்காலம் வரை பள்ளியில் இருக்க வேண்டும்.

இன்டர்வெல் பெல் அவன் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே இருக்கிறது. அது அடித்தால் அவனுக்கு உடம்பில் அடி விழுவதுபோல. காதைப் பொத்திக்கொண்டு அழுவான், வெளியே ஓடுவான். உடனே எனக்குப் போன் வரும், "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று. லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவேன். அரை நாள் கூலி போகும். அதுகூடப் பரவாயில்லை.

சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தேன். மற்றப் பிள்ளைகளும் கேட்கிறார்கள் என்று அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்கள். பெல் அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது காட்டச் சொல்லி ஒரு பட அட்டையும் தந்தேன். முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துக்கொள்வான். வீட்டில் குக்கர் விசிலுக்கு அப்படித்தான் பழகினான். அந்த அட்டை மடங்காமல் புதிதாகவே திரும்பி வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லாத நாள், பதினொரு மணி சுமாருக்குப் பையை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒன்று பழகிவிட்டால் அவன் லேசில் விடமாட்டான். பாதியில் கிளம்பிவிட வேண்டும் என்பதைத்தான் உங்களிடம் இதுவரை முழுதாகக் கற்றிருக்கிறான். அவன் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்துதர வேண்டும் என்று அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு ஹெட்போனும் ஓர் அட்டையும் தவிர நான் வேறென்ன கேட்டேன்? ஏப்ரல் 2 அன்று ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று ஆசிரியர்கள் எல்லோரும் நீல உடையில் வந்திருந்தீர்கள். அன்றைக்கும் அந்தப் போன் வந்தது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், "பிள்ளையை வளர்க்கத் தெரியலையா?" என்று கேட்பவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் அம்மா.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையிலிருந்து மற்றப் பிள்ளைகளைப் போல 3.30 மணி வரை அவனையும் வகுப்பில் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஹெட்போன் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா