மூன்று யூனிட் ரத்தமும் ஒரு பிளாஸ்க்கும்

கோத்தகிரியில் நம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம்தான் ஆகிறது, மேட்டில் ஏறி இறங்க வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி என் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு. மடியில் பச்சரிசி வைத்து மென்றுகொண்டே இருந்தேன். "ஏம்மா, நாற்பத்தாறு வயசுல மாசமா இருக்கியா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனார்.

இரண்டு வருடமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு, கட்டி கட்டியாக. முன்பு ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். மூச்சு வாங்கினால் மேட்டின்மேல் பழி. அடிக்கடி ஒன்றுக்கு வந்தால் குளிரின்மேல். இடுப்பு வலித்தால் கொழுந்து மூட்டையின்மேல். மலையில் இருப்பவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது!

நர்ஸம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 6.2. அரிசி மேல் வந்த ஆசைகூட ரத்தசோகையின் வேலைதானாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி. அதுதான் மூத்திரப்பையை அழுத்தியிருக்கிறது.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டரம்மாவுக்கு நன்றி. "புற்றுநோயா?" என்று அழுதேன். காகிதத்தில் படம் வரைந்து, இது கர்ப்பப்பைத் தசையில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை என்றார். சிறிய கட்டி தொந்தரவு தராவிட்டால் விட்டுவிடலாம், மாதவிடாய் நின்றபின் சுருங்கும். கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. எனக்குப் பிள்ளைகள் வளர்ந்தாயிற்று. கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொன்னது என் முடிவு. சினைப்பைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவும் கையைக் கடிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன் மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாகக் கொடுக்க, மூடுபனியில் காலை முதல் பஸ் பிடித்து வந்த நம் பந்து விளையாடும் பையன்கள் மூவரே, தம்பிகளே, என்ன சொல்வது? ஒருவன் ஊசியைக் கண்டு மயங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு.

நர்ஸம்மா இன்னொன்றும் சொன்னார்: இரும்புச்சத்து மாத்திரையோடு டீ குடிக்காதே, சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலையிலேயே பிழைக்கிற எனக்கு! சரி, இப்போது சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுகிறேன். போன வாரம் ஹீமோகுளோபின் 10.4.

எட்டு நாளும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மதினி, உங்கள் பிளாஸ்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மூடி மட்டும் ஆஸ்பத்திரியில் தொலைந்துவிட்டது. புதுசாக வாங்கித் தருகிறேன்.