ஜெயிச்ச பரிசுக்கு ஒரு கடைசித் தேதி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் கேம்ல காசு கட்டி ஏமாந்தவங்க பத்தி நெறைய செய்தி போடுறீங்க, அது தேவைதான், ஆனா ஒத்த ரூபா கட்டாம போட்டியில ஆடி ஜெயிச்சுட்டு தர்றேன்னு சொன்ன பரிசு வராம உக்காந்திருக்குற பசங்க பத்தி யாரும் எழுதக் காணோம், அதான் நான் எழுதுறேன். என் தம்பியும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பசங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையிலதான் நிக்கும். 2025 தடைக்காலத்துல நடந்த ஒரு மொபைல் கேம் போட்டியில இவனுங்க ஒரு டீமா ஆடி ரெண்டாவது வந்தாங்க. டீமுக்கு ஒரு லட்சம், ஆளுக்கு ஒரு போன்னு கம்பெனி லைவ்லயே அறிவிச்சாங்க, டீம் பேர ஸ்கிரீன்ல போட்டாங்க, 45 வேலை நாள்ல வந்துரும்னு மெயிலும் அனுப்புனாங்க. பொங்கலும் முடிஞ்சு போச்சு, இன்னும் எதுவும் வரல.

நான் இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன், அதனால பேப்பர் வேலை எல்லாம் நானே பாத்துக்கிட்டேன். ஆதார், பான், பாஸ்புக், கேன்சல் பண்ண செக்குன்னு கேட்டதெல்லாம் அனுப்புனோம். கொஞ்ச நாள் கழிச்சு பேர் ஒத்துப்போகலன்னு திருப்பி விட்டாங்க. எங்க ஊர்ல பேருக்கு இனிஷியல்தான், அப்பா பேர முழுசா சேத்து எழுதுற வழக்கமே கிடையாது, ஆனா பான் கார்டுல வெறும் இனிஷியல் போட விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும், அதனால ஆதார்ல ஒரு மாதிரி பான்ல ஒரு மாதிரி இருக்கும், தமிழ்நாடு பூரா இதே கதைதான். இந்த நாட்டுல போட்டி நடத்துற கம்பெனிக்கு இது தெரியாதா? சரின்னு எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்தி திரும்ப அனுப்புனோம். அதுக்கு ஒரு டிக்கெட் நம்பர் வந்துச்சு. எப்ப கேட்டாலும் அதே மெஷின் பதில்தான், "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு, அதுக்குக் கீழ ஒரு மனுசன் பேர் கூட இருக்காது.

ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை வேற பதில் வந்துச்சு, ஆன்லைன் கேம் சட்டம் மாறியிருக்கு பரிசீலிக்கிறோம்னு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல வந்த சட்டம் தடுத்தது பணம் கட்டி ஆடுற கேம. இ-ஸ்போர்ட்ஸ, அதாவது இவனுங்க ஆடுன மாதிரி கேம் போட்டிய, அது விளையாட்டாவே ஏத்துக்கிட்டிருக்கு. அதுவும் இவனுங்க ஜெயிச்சது அதுக்கு முன்னாடி. ஜூன்ல தரவேண்டிய பாக்கிக்கு ஆகஸ்ட் சட்டத்தக் காட்டுறது எந்த ஊர் நியாயம்?

இதுக்கு நடுவுல நடந்த ஒண்ணுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம். கம்பெனி வாயே தொறக்காம இருந்த நேரத்துல, டீமுல இருக்குற ஒரு பையனோட அம்மாவுக்கு ஒருத்தன் போன் பண்ணி, பரிசு போன் வந்துருச்சு, வரிய இந்த நம்பருக்கு ஜிபேல போடுங்க, உடனே அனுப்புறோம்னு சொல்லியிருக்கான். அந்த அக்கா நகைய எடுத்துக்கிட்டு அடகுக் கடைக்குக் கெளம்பிட்டாங்க, நல்ல வேளை வழியில எங்க மையத்துக்குள்ள வந்து கேட்டாங்க. பிரச்சினை என்னன்னா அவன் சொன்னதுல பாதி உண்மை. பரிசுக்கு 30 சதவீதம் வரி உண்டு, பொருளா குடுத்தா வரி கட்டுனதுக்கு அப்புறம்தான் கைக்குக் குடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு. ஆனா கம்பெனி பிடிக்கிற வரி நம்ம பான் நம்பர்ல வருமான வரித்துறை கணக்குல ஏறணும், யாரோ ஒருத்தனோட ஜிபேக்கு போறது வரி இல்ல. சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணி சொல்லிட்டோம். கம்பெனி ஒழுங்கா ஒரு தேதி சொல்லியிருந்தா அந்தத் திருடன் பேச்ச அந்த அக்கா நம்பியிருப்பாங்களா?

தொண்டி பக்கத்து ஊர்கள்ல பாய்மரப் படகுப் போட்டி நடக்கும், பாத்திருப்பீங்க. ஊர்ல வசூல் பண்ண காசு மைக்செட் போடுறதுக்கு முன்னாடியே கமிட்டிக்காரங்க கையில இருக்கும், கரை ஏறுன ஈரத்தோடயே பரிச வாங்கிட்டுப் போவாங்க. அவ்வளவு எல்லாம் வேணாம், தடைக்கால நிவாரணம் 8,000 ரூபா லேட்டானா கூட மீன்வளத்துறை ஆபீஸ்ல போய் கேக்கலாம், ஒரு ஆள் பதில் சொல்லுவாரு. இந்தக் கம்பெனிக்கு நாங்க போய் நிக்க ஒரு வாசல் கூட இல்ல.

தம்பி இப்ப கடலுக்குப் போறான். அனுமதி டோக்கன் வாங்கி படகுல ஏறுற வரைக்கும் மெயில பாத்துக்கிட்டே இருக்கான். அப்பா முன்னாடியெல்லாம் கேப்பாரு, இப்ப கேக்குறதில்ல. அந்தக் காசுல ஐடிஐ சேரலாம்னு இருந்தான், அந்த வருஷ அட்மிஷன் முடிஞ்சே போச்சு.

நான் கேக்குறது இதுதான். இ-ஸ்போர்ட்ஸுக்கு விதி போடுறவங்க, போட்டிய அறிவிக்கிறதுக்கு முன்னாடியே பரிசுத் தொகைய பேங்க்ல டெபாசிட் பண்ணணும்னு போடணும். போட்டித் தேதிய போடுற அதே போஸ்டர்ல பரிசு குடுக்குற கடைசித் தேதியும் இருக்கணும், தாண்டுனா வட்டியோட குடுக்கணும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்தாச்சு. பரிசு தர்ற எண்ணமே இல்லாம தர்றேன்னு அறிவிக்கிறது நியாயமில்லாத வணிகம்னு 2019 நுகர்வோர் சட்டத்துல தெளிவா இருக்கு, போட்டிக்குன்னு காசு கட்டலன்னாலும் தம்பி அந்த கேம்ல பாஸ் எல்லாம் காசு குடுத்து வாங்குனவன், அந்த ரசீதையும் சேத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறோம். கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுறணும். நம்ம கரையில இதே மாதிரி காத்துக்கிட்டு இருக்குற பசங்க லைவ் வீடியோவ, மெயில, டிக்கெட் நம்பர எதையும் அழிக்காம வச்சுக்கோங்க, எங்க மையத்துக்கு வந்தா மனு எழுத நானே ஒதவுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்