தாம்பரம் ரயிலும் மாங்குளம் பஸ்ஸும்

ஆசிரியர் அவர்கட்கு,

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் புறநகர்ப் போக்குவரத்துப் பற்றிய கட்டுரை படித்தேன். (இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் ‘போர்களுக்கு இடையில்’ என்றால் வேறு வருடங்கள்தான் ஞாபகம் வரும். அது கிடக்கட்டும்.)

1933இல் பஸ், ட்ராம், சுரங்க ரயில் எல்லாம் ஒரே சபையின் கீழ் வந்த லண்டன் கதை நன்று. ஆனால் பக்கத்திலிருக்கும் சென்னையைக் கட்டுரையாளர் ஏன் விட்டார்? 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, ஒரு மீற்றர் அகலத் தண்டவாளத்தில்தான். மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்ததும் அந்தக் காலத்தை ஒட்டியே. தூரத்தில் குடியிருந்து நகரத்தில் வேலை பார்க்கலாம் என்ற துணிவை அந்த வண்டி கொடுத்திருக்கும்.

எங்கள் பக்கம் 1905இலேயே தண்டவாளம் வந்துவிட்டது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் வழியில் இருந்தன, அவ்வளவுதான். போட்டது யாழ்ப்பாணம் போக. இலங்கையில் பஸ்கள் அப்போது தனியார் கையில், ஆளுக்காள் போட்டி. அரசு சபை வர 1958 ஆனது.

முல்லைத்தீவுக்கு இன்றும் ரயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கினால் கிழக்கே போக பஸ்ஸைத்தான் பார்த்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாங்குளம்.