வெட்ட வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், தம்பி

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீ பாதிதான் படிக்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பசியாறிவிட்டு, உட்கார்ந்து படி.

நேற்று செலாயாங் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆபரேஷனுக்கு இல்லை, ஈரலில் இருக்கும் புற்றுக்கட்டியை ஊசி வைத்துச் சுடுவதற்கு. வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், மிச்சம் வைக்காதீர்கள் என்று நீ அனுப்பியதைத் தங்கச்சி டாக்டரிடமே காட்டிவிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. மகன் கேட்பது நியாயம்தான் என்று ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பிவைத்து விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கட்டி ஒன்றே ஒன்று, 2.1 சென்டிமீட்டர். ஈரலின் வலது பக்கம், நல்ல ஆழத்தில். ஓரத்தில் இருந்திருந்தால் ஒரு சின்னத் துண்டோடு போயிருக்கும். உள்ளே இருப்பதை எடுக்கப் போனால் சுற்றியுள்ள ஈரலும் நிறையப் போகும். என்னிடம் கொடுப்பதற்கு எவ்வளவு இருக்கிறது? சிரோசிஸ் வந்து, தழும்பேறி இறுகிப்போன ஈரல். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தொடவில்லை, உணவுக்குழாயில் ரத்த நரம்பு புடைத்திருக்கிறது. ஈரலுக்கு வரும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிட்டதற்கு இதெல்லாம் அடையாளமாம். இப்படி இருப்பவர்களுக்குக் கத்தி வைத்தால் கட்டி போய்விடும், ஆனால் மிஞ்சிய ஈரல் தாங்காமல் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம். பாட்டியின் கடைசி மாதங்களை நீ பார்த்தாய். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

சுடுவது என்றால், மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக நீள ஊசியைக் கட்டிக்குள் இறக்குவார்கள். முனையில் மைக்ரோவேவ் சூடு. 60 டிகிரியைத் தாண்டினாலே செல்கள் செத்துவிடும். சூடு வைப்பது சில நிமிடங்கள்தான். கட்டியோடு சுற்றிலும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல சதையும் வேக வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் ஏதாவது தங்கிவிடும். சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் காய்ச்சலும் வலியும் இருக்குமாம். ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், மிச்சம் இருந்தால் இன்னொரு முறை சுடுவார்கள்.

நீ சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சுட்ட இடத்திலேயே மறுபடி தலைகாட்டுவது, வெட்டியவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தால் ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், அங்கே சரியாக வேகாது. என்னுடையது குழாயை ஒட்டி இல்லை. வெட்டி எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம், சுட்டதில் அப்படிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, ஈரலும் நன்றாக இருந்திருந்தால் நானே ஆபரேஷன்தான் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர்.

தங்கச்சி ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆய்வுகளைப் படித்தாள். சீனாவில் 2006-இல் வந்தது இரண்டும் ஒன்றுதான் என்கிறதாம், 2010-இல் அதே சீனாவில் வந்தது ஆபரேஷன்தான் மேல் என்கிறதாம். அப்புறம் ஜப்பான்காரர்கள் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களெல்லாம் வெட்டினாலும் தாங்கக்கூடிய ஈரல் உள்ளவர்கள், அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டாய் என்று அவளே சொன்னாள். மூஞ்சியைப் பார்த்துச் சொல்கிறாள் பார், உன் தங்கச்சி. லீவு போட்டு என்னோடு அலைகிறவள் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

எப்படிச் செய்தாலும் களையைப் பிடுங்குவதுதான், மண் அதே மண். வெட்டியவர்களிலும் பாதிக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் ஈரலில் வேறு எங்காவது திரும்ப வருகிறதாம். மண்ணையே மாற்ற வேண்டுமென்றால் மாற்று ஈரல்தான்.

அந்தப் பேச்சை நான் ஆரம்பிக்கவில்லை. தீபாவளிக்கு வந்தபோது நீதான், சித்தி அத்தை எல்லார் முன்னாலும், பாதி ஈரலைத் தருகிறேன் என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாங்கிக்கொள்ளக் கூடாது என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன், அது வேறு. மெல்பர்ன் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனும் குறைந்துவிட்டது. வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று மட்டும் எழுதுகிறாய். பையன் பின்வாங்கிட்டானா என்று சித்தி கேட்டாள். அவளோடு இப்போது பேசுவதில்லை. என் பிள்ளை சொன்ன சொல்லை விடுகிறவன் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

நான் எதுவும் கேட்கவில்லை. ஈப்போ மாமாவைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

மாமாவுக்கும் ஹெபடைடிஸ் பி உண்டு, ஈரலைக் கெடுக்கிற அந்த வைரஸ். பாட்டியிடமிருந்து எனக்கும் அவருக்கும் பிறக்கும்போதே வந்தது. பத்து வருடத்துக்கு மேலாகத் தினம் ஒரு மாத்திரை போடுகிறார், வைரஸ் அடங்கியே இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்து 272 படியும் ஏறினார், எனக்குக் கீழே நின்று பார்க்கவே மூச்சு வாங்கியது. மாமி கல்யாணத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனே போட்டார்கள், ஒருவருக்கும் இல்லை. இருந்தால் கல்யாணம் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. சும்மா சொல்கிறேன்.

நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்த ஊசி 1989-இல்தான் வந்தது. தங்கச்சி 1991, அவளுக்குப் போட்டார்கள். நீ 1986. எனக்கு இருப்பது எனக்கே அப்போது தெரியாது, தம்பி. தெரிந்திருந்தால் வீட்டை விற்றாவது அந்த ஊசியை எங்கேயாவது தேடி வாங்கியிருப்பேன். ஈரல் கொடுக்கிறவர்களுக்கு முதலில் எதைப் பரிசோதிப்பார்கள் என்றும் தங்கச்சி படித்துவைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அதுதான் முக்கியம். என் கட்டி ரத்தத்தில் தெரியவே இல்லை, ஈரல் புற்றைக் காட்டிக்கொடுக்கும் அல்ஃபா ஃபீட்டோ புரதம் சாதாரண அளவில்தான் இருந்தது. ஸ்கேன் எடுத்ததால்தான் 2 சென்டிமீட்டரிலேயே மாட்டியது. வலி வந்து போயிருந்தால் வெட்டலாமா சுடலாமா என்று உட்கார்ந்து பேச எனக்கு வழியே இருந்திருக்காது. ஹெபடைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்து பார்க்கச் சொல்வார்கள், வீட்டில் ஒருவருக்குப் புற்று வந்திருந்தால் அதற்கும் முன்பே. உனக்கு இன்னும் 40 ஆகவில்லை என்று கணக்குச் சொல்லாதே. உன் வீட்டில் நான் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. செந்தூலில் எதற்குக் கம்பளி? ஆஸ்பத்திரி ஏர்கான் குளிருக்கு ஆகும் என்று பையில் வைத்துக்கொண்டேன். குடிப்பதில்லை என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு ஒன்றிரண்டு என்றாலும் வேண்டாம்.

அடுத்த மாதம் தேதி கொடுப்பார்கள், தங்கச்சி சொல்வாள். நீ டிக்கெட் போட்டு ஓடிவர வேண்டாம். அந்தக் காசுக்கு அங்கே நல்ல ஈரல் டாக்டராகப் பார்.

இன்னொன்று. அத்தையிடம் கீழாநெல்லிப் பொடி கேட்டாயாம், அம்மாவுக்கு என்று சொல்லி. அம்மாவுக்கு என்றால் மெல்பர்ன் விலாசம் எதற்கு? 1988-இல் மெட்ராஸில் நடந்த ஓர் ஆய்வில் அது வைரஸை விரட்டுவதாகச் சொன்னார்களாம், பின்னால் வந்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை என்று டாக்டரே சொன்னார். உங்கள் ஊர் கஸ்டம்ஸ்காரர்களும் அதை உள்ளே விடுவார்களோ என்னவோ. அனுப்ப வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். நீ மாமாவுக்குப் போன் போடு, என்ன மாத்திரை, எப்போது போடுகிறார் என்று கேள். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் சொல்.

அம்மா