எங்கள் ஹோலுக்கு எந்த ஸ்பீக்கர்? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு சோடி ஸ்பீக்கர்களின் விவரத்தையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். அப்பா வாசிக்கவில்லை. "அவன் விலை கூடினதைத்தான் வாங்குவான், நீ சொன்னால்தான் கேட்பான்" என்று போனை என்னிடமே தந்துவிட்டார். அதனால் நானே சொல்கிறேன். டிசம்பரில் வரும்போது வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 சோடியைக் கொண்டு வா. கெஃப் எல்எஸ்50 மெட்டாவை உன்னுடைய ரொறன்ரோ வீட்டுக்கு வாங்கிக்கொள். உன் காசை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இத்தனை வருடம் பௌதிகவியல் படிப்பித்தவள் நான், காரணத்தோடுதான் சொல்கிறேன்.

மெட்டா அருமையான ஸ்பீக்கர். கொள்ளுப்பிட்டியில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் நானும் கேட்டேன். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் நடுவிலேயே, கீச்சு ஒலிகளைத் தரும் ட்வீட்டரை வைத்திருக்கிறார்கள். பாடுகிறவரின் குரல் மேலே ஒரு துண்டு கீழே ஒரு துண்டாகப் பிரியாமல் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதன் வம்சமும் நல்ல வம்சம். பிபிசி 1970களில் தன் வெளிக்கள ஒலிபரப்பு வான் வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தது. அதற்குள் இருந்த வூஃபரும் ட்வீட்டரும் கெஃப் செய்தவை. கெஃப் கம்பனிக்கு 50 வருடம் ஆனதைக் கொண்டாட 2012இல் வந்த எல்எஸ்50, அந்தப் பெட்டியை மனதில் வைத்துச் செய்தது. அதன் பிந்திய வடிவம்தான் மெட்டா. பிபிசிக்காரர் ஸ்பீக்கரைச் சோதிக்க மனிதக் குரலைத்தான் பெரிதாக நம்பினார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது. இராஜேஸ்வரி சண்முகத்தினதும் அப்துல் ஹமீதினதும் குரல்களை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்த காதுக்கு, பேச்சில் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் சிநேகிதர் வீட்டில் ஏசி, கண்ணாடி யன்னல்கள் எல்லாம் பூட்டி, தரை முழுக்கக் காப்பெட். எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஹோலை நினைத்துப் பார். கடல் பக்க யன்னலைப் பூட்டினால் பத்து நிமிடம் இருக்க ஏலாது. தலைக்கு மேலே ஃபேன், மரைன் டிரைவுக்கு அப்பால் கரையோர ரயில், மற்றப் பக்கம் காலி வீதி பஸ். மெட்டாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு? ட்வீட்டருக்குப் பின்னால் போகும் வேண்டாத ஒலியை உறிஞ்ச ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் மிக மெல்லிய விவரங்கள் தெளிகின்றன. அந்த மெல்லிய விவரங்கள்தான் ஃபேன் சத்தத்துக்குக் கீழே முதலில் அமிழ்ந்து போகும். பனிக்காலத்தில் எல்லாம் பூட்டிக்கொண்டு இருக்கிற உன் வீட்டில் அவை முழுதாகக் கேட்கும். அதனால்தான் அது உனக்கு என்கிறேன்.

டயமண்டைப் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன். பக்கத்தில் 6.5 அங்குல வூஃபரோடு வேறொரு பெரிய சோடியும் இருந்தது. கடையில் நின்ற பிள்ளை வந்தவுடனே பேஸைக் கூட்டி ஒரு பாட்டைப் போட்டான். பேஸையும் ட்ரெபிளையும் நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு சோடியின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொன்னேன். ஒன்று கொஞ்சம் உரக்கக் கேட்டாலும் அதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். நீ கடைக்குப் போனாலும் இதை மறக்காதே. பிறகு என் போனிலிருந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைப் போட்டோம். கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் விழுவது இரண்டிலும் நன்றாகத்தான் இருந்தது. வித்தியாசம் கம்பால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தில். பெரிய சோடியில் கம்பு விழுந்த பிறகும் அடி 'ம்ம்' என்று இழுபட்டு அடுத்த அடியோடு கலந்தது. டயமண்டில் அடி விழுந்தது, நின்றது. வேகக் கோர்வை வந்தபோது ஒவ்வொரு சொல்லையும் எண்ணலாம் போல இருந்தது. 65 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அதாவது மிக ஆழமான அடிச்சுரங்களுக்கு, அது பெரிதாக இறங்காது என்பது உண்மைதான். நாங்கள் கேட்பது பாட்டு, நாதஸ்வரம், வயலின், செய்தி. அதற்கு அது போதும்.

வாட் கணக்கைப் பற்றி நீ பயப்படத் தேவையில்லை. ஸ்பீக்கரை இயக்கும் அப்பாவின் பழைய அம்ப் 40 வாட். டயமண்ட் ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் சத்தம் தரும், மெட்டா 85. மூன்று டெசிபெல் என்றால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆனாலும் எங்கள் ஹோலில் ஓரிரு வாட்டுக்கு மேல் போக மாட்டோம். அதில் இரண்டும் பாஸ்தான்.

இன்னொன்று, கடல் காற்று. பழைய சோடியின் வூஃபர் ஓரத்திலிருந்த ஃபோம் உதிர்ந்து தூளாகக் கொட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது வரும் பெரும்பாலானவற்றில் ஓரம் ரப்பர். டயமண்டின் கூம்பு பொலிப்ரொப்பிலீனும் மைக்காவும் கலந்தது, ஈரத்தை உறிஞ்சாது. வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அம்ப் உள்ளுக்கே இருக்கிற ஸ்பீக்கரைப் பற்றியும் கேட்டிருந்தாய். கனடாவிலிருந்து அப்படி ஒன்றும் கொண்டு வராதே. அங்கே 120 வோல்ட், இங்கே 230. இரண்டுக்கும் ஏற்றது என்று பின்னால் எழுதியிருந்தாலொழிய, செருகின உடனே கருகிவிடக்கூடும். வெறும் ஸ்பீக்கருக்கு அந்தத் தொல்லை கிடையாது. வயரும் வேண்டாம், சாதாரணச் செப்பு வயர் இங்கேயே வாங்கலாம்.

மிஞ்சும் காசில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஹோலின் நடுவில் நின்று ஒருதரம் கை தட்டினால் 'கிணுங்' என்று எதிரொலி வரும். டைல் தரையும் வெறும் சுவரும் செய்கிற வேலை. கதிரைகளுக்கு முன்னால் தடிப்பான காப்பெட் ஒன்று விரிக்க வேண்டும், யன்னலுக்குப் பாரமான திரை போட வேண்டும். அப்பாவின் புத்தக அலுமாரியை எதிர்ச் சுவருக்கு மாற்றப் போகிறேன். இதைச் செய்யாமல் எந்த ஸ்பீக்கரைக் கொண்டு வந்தாலும் பாட்டின் சொல் தெளியாது. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். சொல் பிடிபடாவிட்டால் சத்தத்தைக் கூட்டுகிறார், கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடுகிறது. பிறகு அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறார். அவர் பழையபடி பின்னேரங்களில் ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஸ்பீக்கரை ஷோகேஸுக்கு மேலே வைக்க விடமாட்டேன். அதற்குப் பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறது, சுவரோடு ஒட்டினால் அடிச்சுரம் குமுறும். ஸ்டாண்டில் வைத்துச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அக்காவின் பிள்ளைகள் வரும் நாட்களில் பின்னுக்குத் தள்ளிவிட்டு, துளைக்குள் ஒரு சொக்ஸைச் சுருட்டி அடைத்தால் சமாளிக்கலாம்.

ஸ்டாண்டை மொறட்டுவையில் எங்களுக்குத் தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் செய்து தருவார், நீ சுமந்து வராதே. அப்பா பிரம்புக் கதிரையில் இருக்கும்போது காது தரையிலிருந்து 37 அங்குலம். ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வரவேண்டும். ஆகவே சாமான் உன் கைக்கு வந்ததும், பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டரின் நடு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து அனுப்பு. அடிப்பாகத்தின் அகலத்தையும் நீளத்தையும் சேர்த்து அனுப்பு. நவம்பர் முடியமுன் அளவு கிடைத்தால்தான் அவர் நத்தார் லீவுக்கு முதல் முடித்துத் தருவாராம். நிறம் வோல்நட் எடு.

அன்புடன்,
அம்மா