திரை விலகும் நேரம்

செய்யாறு
ஆனி 10

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாமற்போனதற்குக் காரணம், வைகாசிக் கடைசியில் இங்கே பக்கத்து ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் நடந்த, பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர் தெருக்கூத்துதான். இருபது வயதில் விடிய விடியக் கண் விழித்துவிட்டு அப்படியே ஏர் ஓட்டப் போனவர்கள் நாம். இப்போது ஓர் இரவு விழித்தால் உடம்பு அதை நான்கு நாள் தவணையில் திருப்பிக் கேட்கிறது.

முழங்கால் வலியால் திரையரங்குக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும், ஒரு படத்தை மூன்று நாளில் வீட்டிலேயே பகுதி பகுதியாகப் பார்த்து முடிப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சென்ற மாதம் பேரன் அழைத்துப் போன படத்தில் நானும் இடைவேளைக்குப் பிறகு உறங்கிவிட்டேன். நெஞ்சுக்கூடு அதிரும் அந்தச் சத்தத்தில் உறக்கம் எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம். கதாநாயகன் முப்பது நாற்பது பேரை அடித்து வீழ்த்திய பிறகும் அவன் சட்டையின் மடிப்புக் கலையவில்லை. உன் தங்கச்சிக்கு மாசியில் கண்புரை அறுவை முடிந்து, சுவரில் உள்ள அழுக்கு முதல் என் முகத்துச் சுருக்கம் வரை எல்லாமே புதிதாகத் தெரியத் தொடங்கியிருந்த நேரம் அது. "இவ்வளவு பெரிய முகத்தில் ஒரு வியர்வைத் துளிகூட இல்லையே" என்று அவள்தான் காதருகே சொன்னாள்.

அந்தச் சொல் கூத்து ஆடும் களரி வரைக்கும் என் கூடவே வந்தது. கூத்துக் குழுவான ஜமா வந்து இறங்கியதும் பழைய வழக்கப்படி அரிதாரம் பூசும் இடத்துக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் என்று ஒவ்வொரு கட்டை அணியாக எடுத்து வைத்து, கண்ணாடிச் சில்லுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முந்தின இரண்டு இரவும் வேறு வேறு ஊர்களில் ஆடிவிட்டு வந்திருக்கிறார், தொண்டை கட்டியிருந்தது. மிளகைக் கடித்துக்கொண்டே பேசினார்.

கூத்தில் வேஷம் களரிக்கு வரும் முறை உனக்கு நினைவிருக்கும். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்து நிற்க, அதன் பின்னால் நின்று ராஜா தன் பெருமையைத் தானே பாடுவார். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும், ஆள் மட்டும் தெரியமாட்டார். முகவீணை கிறீச்சிட, மத்தளம் விரைய, அந்தத் துணி சட்டென்று விலகும்போது சிறுவயதில் நாம் பின்னுக்கு நகர்ந்து ஒருவர் மடியில் ஒருவர் விழுந்திருக்கிறோம். அதற்கும் திரை என்றுதான் பெயர், சினிமாவில் இருப்பதற்கும் திரை என்றுதான் பெயர். ஆனால் இங்கே திரை விலகினால்தான் ஆட்டம் தொடங்கும். அங்கே திரையை விலக்கிவிட்டால் ஒன்றுமே இல்லை. இத்தனை காலம் இரண்டையும் பார்த்த எனக்கு இது இந்த வயதில்தான் உறைத்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

விடியற்காலை நான்கு மணி இருக்கும். கர்ணனையும் தம்பிமாரையும் இழந்து தனியாளாக நிற்கும் துரியோதனன் பாட வேண்டிய இடத்தில் அவருடைய குரல் உடைந்துவிட்டது. மேல் சுருதியில் எடுத்த பாட்டு பாதியில் வெறும் காற்றாகப் போயிற்று. பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிக்கொண்டார்கள். ஆர்மோனியம் சற்றே தணிந்தது. கோமாளியாக வரும் கட்டியக்காரன் ஏதோ கேலி சொல்லி ஆட்டத்தைக் காப்பாற்றுவான் என்று எதிர்பார்த்தேன். அவனும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருக்க, விழித்திருந்த பெண்கள் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். செவ்வரிதாரத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்த அந்த முகத்தில் களைத்திருந்தது அரசனா ஆட்டக்காரரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஒரு திரைப்படத்தில் இப்படி நேர்ந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். அவர்கள் நமக்குத் தருவது களைப்பை நீக்கிய நடிப்பு. இரவு முழுக்க ஆடுகிறவனிடம் களைப்பையும் சேர்த்துத்தான் நாம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சினிமாவைக் குறைத்துப் பேசுவதாக எண்ணாதே. அதனால் பிழைத்த நாட்கள் எனக்கும் உண்டு. 1964இல் வந்த 'நவராத்திரி'யை அதற்குப் பல வருடம் கழித்து டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தோமே, அதில் சிவாஜியும் சாவித்திரியும் ஆடும் சத்தியவான் சாவித்திரி கூத்தைப் பார்த்துவிட்டு என் அப்பா, "ஆட்டம் சுத்தம்தான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் முடித்தால் எமன்கூட நம்பமாட்டான்" என்றார். நாசர் முதன்முதலில் இயக்கிய 'அவதாரம்' 1995இல் வந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் கூத்தாடியின் வீட்டுக்குள் போய்ப் பார்த்த படம் என்று ஒப்புக்கொண்டிருப்பார். நம் பக்கத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்தைக் கண்டுகொண்ட நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பசுபதியும் கலைராணியும் அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர்கள். பசுபதி வசனம் இல்லாமல் சும்மா நிற்கும் இடங்களில்கூட உடம்பில் ஒரு முறுக்கு தெரிகிறது, கவனித்திருக்கிறாயா? அது எங்கள் ஊர் மண் என்று நான் உரிமை கொண்டாடுவேன். அவர் ஒப்புவாரோ என்னவோ.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. களரியின் நடுவே இப்போது ஒலிவாங்கியைக் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். முன்பு களரி முழுதும் கிறுக்கி அடித்துச் சுழன்ற ஆட்கள், இன்று பாடுவதற்காக அந்தக் கயிற்றடிக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார்கள். தும்பில் கட்டிய மாடு மாதிரி இருக்கிறது.

காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்தியிருந்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி, இரவெல்லாம் ஆடிய அதே மனிதர் பீமனுக்குத் தப்பி ஓடினார். தொடை பிளந்தது, திரௌபதி கூந்தல் முடிந்தாள், கிழவிகள் நிஜமாகவே ஒப்பாரி வைத்தார்கள். உன் தங்கச்சியும் அழுதாள். கண்ணுக்கு ஆகாது என்று நான் தடுத்தும் கேட்கவில்லை.

பிறகு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். முகத்தைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்திருந்தார். காதுக்குப் பின்னால் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது. மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் என்று தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஆடியில் இதே ஜமாவை இன்னோர் ஊரில் தாம்பூலம் வைத்து அமர்த்தியிருக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு அன்று, கம்பத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் எறியும் நேரத்துக்காவது நீ வந்து சேர வேண்டும். உன் முழங்காலுக்காக ஒரு நாற்காலி எடுத்து வருகிறேன். பின்னால் இருப்பவர்கள் திட்டினால் நீயே பதில் சொல்லிக்கொள்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்